பேசச் சொன்னால் ஒப்பிக்கிறார்கள்: ஆங்கிலப் பேச்சுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 6, சனிக்கிழமை

அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். காலாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொருவருடைய பேசும் திறனையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு ‘என் பள்ளி’, ‘என் அம்மா’ என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லோரும் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தார்கள். முப்பது பேருக்கு மேல் எட்டும் ஒன்பதும் போட வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர்கூட ஆங்கிலத்தில் ஒரு வாய் தண்ணீர் கேட்கமாட்டார்கள். என் கருத்து இதுதான்: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வே வீண், எழுத்துத் தேர்வு போதும். தவறென்றால் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு 9.40

தவறு. வீணாய்ப் போனது நீங்கள் கொடுத்த தலைப்பு. ‘என் அம்மா’ என்று ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டால், பிள்ளை செய்யக்கூடியது ஒப்பிப்பது ஒன்றுதான். நீங்கள் அளந்தது நினைவாற்றலை. அதற்கு ஒன்பது போட்டது நியாயம்தான், ஆனால் அந்த ஒன்பதைப் பேச்சு என்ற கட்டத்தில் எழுதியதுதான் பிழை.

எழுத்துத் தேர்வு போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு நூறு மதிப்பெண், நூறும் தாளில். பேச்சுக்கு ஒன்றும் கிடையாது. அதனால்தான் பத்து வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை ஒரு நேர்காணலில் போய் உட்கார்ந்ததும் நா எழாமல் நிற்கிறது. தேர்வில் கேட்காததை வகுப்பில் யாரும் சொல்லித்தரமாட்டார்கள். நானும் பல வருடம் சொல்லித்தரவில்லை.

செய்யக்கூடியது: தலைப்பை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக மேசைக்கு அழைத்து மூன்று நிமிடம் கேள்வி கேளுங்கள். ஒப்பிக்க ஆரம்பித்தால் நடுவில் வெட்டி, ஒப்பிக்க முடியாத ஒன்றைக் கேளுங்கள். இன்று காலையில் என்ன சாப்பிட்டாய், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், இப்படி ஏதாவது.

ஜூலை 6, இரவு 10.15

மேலே எழுதியதில் கணக்குப் பார்க்கவில்லை. 42 பேருக்கு மூன்று நிமிடம் என்றால் 126 நிமிடம். ஒருவர் எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காரும் நேரம் தனி. நாற்பது நிமிடப் பாடவேளையில் நான்கு போய்விடும். அந்த நான்கிலும் மற்ற 41 பேர் என்ன செய்வார்கள் என்று கேட்டால் என்னிடம் இன்று பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஜூலை 7, காலை 6.30

இரவெல்லாம் ஒரு பழைய நாள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதாமல் மேலே போக முடியாது.

2016, ஒன்பதாம் வகுப்பு. உங்களைப் போலவே ‘என் அம்மா’ என்று தலைப்புக் கொடுத்து ஒவ்வொருவராக அழைத்தேன். ஒரு பெண் வந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கைகள் பின்னால். மூச்சு விடாமல் ஆரம்பித்தாள்: “மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். ஷி கெட்ஸ் அப் எர்லி இன் தி மார்னிங்.” எனக்கு அவளுடைய அம்மாவைத் தெரியும். நூற்பாலையில் இரவு ஷிஃப்டு. விடியும்போது எழுகிறவர் அல்ல, விடிந்த பிறகு வீடு வந்து படுக்கிறவர். முடித்ததும் கேட்டேன்: “வாட் டைம் டஸ் யுவர் மதர் கம் ஹோம்?” என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிக்க ஆரம்பித்தாள். நான் ஒன்பது போட்டேன்.

அடுத்து ஒரு பையன். எதையும் தயாரித்து வரவில்லை. சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகியபடி நின்றான். சரி, இன்று காலையில் வீட்டில் என்ன நடந்தது, சொல் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: “டீச்சர், மதர் ஜிஎச். கேஸ் ஓவர். ஃபாதர் டீ, பன். மீ அண்ட் சிஸ்டர் ஈட். ஈவினிங் ஐ கோ, சீ மதர்.”

அம்மா அரசு மருத்துவமனையில் இருக்கிறார். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. அப்பா டீயும் பன்னும் வாங்கிவந்தார். அவனும் தங்கையும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் போய் அம்மாவைப் பார்ப்பான். அவன் சொன்னதில் ஒன்றுகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. நான் நான்கு போட்டேன். முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

அந்த வகுப்பில் அன்று ஆங்கிலத்தில் பேசியவன் அவன் ஒருவன்தான்.

ஜூலை 7, மதியம்

அந்தப் பையனுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கண் கலங்கியதற்காக மதிப்பெண் ஏற்றுவதும் தவறான அளவுதான். “ஈவினிங் ஐ கோ” என்றான். போனேன் என்றா, போவேன் என்றா, தினமும் போகிறேன் என்றா? காலை பத்து மணிக்குச் சொன்னதால் போவேன் என்று நானாக எடுத்துக்கொண்டேன். அதையே தொலைபேசியில் ஒரு அந்நியரிடம் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. அங்கே இலக்கணம் தேவைப்படுகிறது. பொருள் சிதைகிற இடத்தில் இலக்கணத்துக்கு மதிப்பெண் குறைக்கலாம். ‘சிஸ்டர்’ என்பதற்கு முன்னால் ‘மை’ வரவில்லை என்பதற்கு எதற்குக் குறைக்க வேண்டும்? எதுவும் சிதையவில்லையே.

இன்று என்னைக் கேட்டால் ஆறு போடுவேன். ஏழுகூடப் போடலாம்.

ஜூலை 9

வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஐஎல்டிஎஸ் தேர்வின் முறையை அப்படியே வகுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அதில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். மூன்று பகுதிகள். முதலில் வீடு, வேலை, பிடித்தது என்று எளிய கேள்விகள். இரண்டாவதில் ஒரு அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள், பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாவதில் அதை ஒட்டிய விவாதம். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு தலைப்புகளில் சம எடையோடு மதிப்பிடுவார்கள். முழுவதும் ஒலிப்பதிவாகும்.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு. ஒன்று, அந்த ஒரு நிமிட யோசனை நேரம். அட்டையைப் பார்த்த உடனே பேசு என்பது பெரியவர்களுக்கே கொடுமை. இரண்டு, ஒலிப்பதிவு. மற்றது நமக்கு உதவாது. எட்டாம் வகுப்பில் ஏபிசிடியைத் தாண்டித் தட்டுத்தடுமாறும் பிள்ளையும், சொல்வதைச் சொல்லிவிடும் பிள்ளையும் அந்த அளவில் அடிமட்டத்திலேயே முடங்கிப்போவார்கள். லாரி நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் பூண்டு நிறுக்க முடியாது.

ஜூலை 13, சனிக்கிழமை

முதல் குறிப்பில் நான் சொன்ன தனி நேர்காணலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேரக் கணக்குக்காக மட்டும் அல்ல.

இந்த வாரம் என் எட்டாம் வகுப்பில் செய்து பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகளை மேசைக்கு அழைத்தேன். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் ‘எஸ் டீச்சர்’, ‘நோ டீச்சர்’. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆசிரியர் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும், அதுவும் குறைவாகச் சொல்வதே மரியாதை. இது நம் வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டது. என் எதிரில் கை கட்டி நிற்கும் பிள்ளை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காது. கேள்வி கேட்பதும் பேச்சில் பாதி அல்லவா? நான் அளந்தது அதன் பணிவைத்தான்.

2014-ல் அரசுப் பணிக்கு வருவதற்கு முன் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் இருந்தேன். 2012-13-ல் ஒன்பதாம் வகுப்புக்குக் கேட்டல், பேசுதல் மதிப்பீடு வந்தது. பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்துப் பேசவைக்கும் பகுதி அதில் இருந்தது. எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. இரண்டு பேர் பேசினால் யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது என்று ஆசிரியர் அறையில் சண்டை போட்டேன். இன்று அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதிக்கும் இரண்டு பேர் சேர்ந்துதான் போவார்கள். எதிரில் தேர்வாளர்களும் இரண்டு பேர். ஒருவர் பேசுவார், கேட்பார், அட்டை கொடுப்பார். மற்றவர் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காமல் கவனித்து மதிப்பெண் போடுவார். இதன் அருமை நேர்காணல் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டே, பிள்ளைக்குத் தலையாட்டிக்கொண்டே, தாளில் எண் எழுதவும் செய்தால் மூன்றும் கெடும். நான் எழுதக் குனிந்த உடனே எத்தனை பிள்ளைகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்!

நமக்கு இரண்டாவது ஆசிரியர் கிடைக்கமாட்டார். ஆனால் ஜோடியாக விட்டால், பேசுகிற வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். 21 ஜோடிக்கு நான்கு நிமிடம் வீதம் 84 நிமிடம். இரண்டு பாடவேளைக்குக் கொஞ்சம் கூட. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. வாரத்துக்கு ஐந்து ஜோடி என்றால் பாடமும் கெடாது.

ஜூலை 13, இரவு

ஜோடிக்கு என்ன கொடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சந்தைப் படம் ஒன்று வரையவைத்தேன். எனக்கு வரைய வராது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்து கொடுத்தான். அதையே இன்னொரு தாளில் ஆறு இடங்களில் மாற்றி வரையச் சொன்னேன். ஒன்றில் பூக்காரம்மா இடது பக்கம், இன்னொன்றில் வலது பக்கம். ஒன்றில் தராசு, இன்னொன்றில் படி. ஒன்றில் நாய் தூங்குகிறது, இன்னொன்றில் நிற்கிறது. இரண்டு பிள்ளைகளும் எதிரெதிரே உட்கார்ந்து, தன் படத்தை மற்றவருக்குக் காட்டாமல், பேசியே வித்தியாசங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிறுத்திவைத்தால் போதும், மறைப்பாகிவிடும்.

இதை ஒப்பிக்க முடியாது. எதிரில் இருப்பவர் தாளில் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே தெரியாது, கேட்டால்தான் தெரியும். அந்தத் தெரியாமைதான் வாயைத் திறக்கவைக்கிறது. ஆசிரியர் கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு ‘இது என்ன?’ என்று கேட்கும்போது பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அது பேனா என்று ஆசிரியருக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

படத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் ஜோடி வெளியே போனதும் விடைகளைச் சொல்லிவிடும். எட்டு-ஏ பிரிவில் எனக்கு அதுதான் நடந்தது. ஐந்தாவது ஜோடி உள்ளே வந்ததும், தாளைத் திருப்பக்கூட இல்லை, “டாக் சிலீப், டாக் ஸ்டாண்ட்” என்று முடித்துவிட்டார்கள்.

ஜூலை 14

ஒன்று சொல்ல மறந்தேன், சொல்லாவிட்டால் மனம் கேட்காது. அந்த நாய் விஷயத்தில் ஒரு ஜோடி. ஒருத்தி சொன்னாள்: “மை டாக் ஸ்லீப்பிங்.” மற்றவள் தன் தாளை உற்றுப் பார்த்துவிட்டு: “மை டாக் நோ ஸ்லீப். மை டாக் லுக் யுவர் டாக்.” இரண்டு பேரும் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு நகைச்சுவையைத் தானாக உண்டாக்கிய பிள்ளைக்கு எந்த அளவுகோலிலும் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, மாலை

உச்சரிப்பு பற்றி நீளமாக ஒருவர் எழுதியிருக்கிறார். ‘எவரி’ என்பதை ‘யெவரி’ என்றும், ‘ஒன்லி’யை ‘வொன்லி’ என்றும் சொல்லும் பிள்ளைக்கு எப்படி நல்ல மதிப்பெண் போடுவது என்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் கேட்டது நேர்மையான கேள்வி, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

உச்சரிப்பை வைத்து ஆளை நிறுத்துவது மிகப் பழைய தேர்வு. விவிலியத்தில் நியாயாதிபதிகள் பகுதியில் வருகிறது. யோர்தான் ஆற்றுத் துறையில் காவல் நின்றவர்கள், கடக்க வந்தவனிடம் ‘ஷிபோலேத்’ என்று சொல் என்பார்கள். எப்பிராயீம் நாட்டானுக்கு அந்த ‘ஷி’ வராது, ‘சிபோலேத்’ என்பான். அவ்வளவுதான், வெட்டிவிடுவார்கள். அந்தத் தேர்வில் தோற்றவன் சொன்னது காவல்காரனுக்குப் புரியாமல் போகவில்லை. அவன் எந்த ஊர்க்காரன் என்பதும் சேர்ந்து புரிந்தது, அதுதான் அவன் செய்த குற்றம். ‘யெவரி’க்கு மதிப்பெண் குறைப்பதும் அந்தத் துறையில் நிற்பதுதான். ‘யெவரி டே’ என்றால் தினமும் என்று புரியாதவர் யாராவது உண்டா?

புரியாமல் போகும் இடங்கள் வேறு. ஆங்கிலத்தில் k, g என்றும் p, b என்றும் இரண்டிரண்டாகப் பிரியும் ஒலிகளுக்கு நம் எழுத்தில் க, ப, ட, த என்று ஒவ்வொரு எழுத்துதான். அதனால் ஆடும் (goat) கோட்டும் (coat) ஒரே ஒலியில் வந்து நிற்கும், பையும் (bag) முதுகும் (back) ஒன்றாகிவிடும். ‘ஐ ஹேவ் எ பேக் பெயின்’ என்பது சூழலில் புரியும். ‘மை கோட் இஸ் லாஸ்ட்’ என்றால் எதைத் தேடிக்கொண்டு போவது? அழுத்தம் விழும் இடமும் அப்படித்தான். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது அழுத்தத்தைத் தேடுகிறது. இவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இவற்றால் பொருள் போனால் குறைக்கவும் செய்யலாம். நாக்கை மடித்துச் சொல்லும் நம்முடைய ‘ட’வுக்காகக் குறைக்க வேண்டாம். அது நம் ஊர் மணம்.

கவுன்சில் ஆஃப் யூரோப் என்ற ஐரோப்பிய நாடுகளின் அமைப்பு 2001-ல் வெளியிட்ட மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அதில் உச்சரிப்புக்கான பகுதி, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரைப் போல் பேசுவதை உச்சமாக வைத்த பழைய போக்கில் இருந்தது. 2020-ல் முடிவாக வந்த துணைத்தொகுதியில் அதைத் திருத்தி எழுதினார்கள். கேட்பவருக்குப் புரிகிறதா என்பது முன்னால் வந்தது. ஐரோப்பாவே கைவிட்ட அளவை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

அதே அளவுகோலின் முதல் படியை ஒருமுறை படித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி, உதவவும் தயாராக இருந்தால், எளிமையாக உரையாட முடியும் என்று இருக்கிறது. கேட்பவர் உதவுவது பிள்ளையின் திறனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு 2016-ஆம் வருடத்துப் பையன் நினைவுக்கு வந்தான். நான் உதவத் தயாராக இருந்தேனா? பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15

எத்தனை தலைப்பு, எத்தனை மதிப்பெண் என்று பட்டியல் கேட்கிறார்கள். நான் போடுவது: சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா, நான்கு. பேச்சைக் கொண்டுசெலுத்தினாளா, அதாவது கேட்டாளா, பதில் சொன்னாளா, புரியாதபோது திரும்பக் கேட்டாளா, மூன்று. சொற்களும் இலக்கணமும், இரண்டு. உச்சரிப்பு, ஒன்று.

ஜூலை 16

உச்சரிப்பின் அந்த ஒன்றை எடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததா என்பதில் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. தனியாக வைத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. சொல், இலக்கணத்துக்கு மூன்று. 4, 3, 3.

ஜூலை 21, ஞாயிறு

இந்த வாரம் என்னை நானே சோதித்தேன். முடிவு எனக்கு இனிக்கவில்லை.

பத்து ஜோடிகளைச் செல்பேசியில் பதிவு செய்திருந்தேன், ஒலி மட்டும், பெற்றோரிடம் சொல்லிவிட்டுத்தான். முதலில் கொடுத்த மதிப்பெண்ணை ஒரு உறையில் போட்டு மூடிவிட்டு, ஐந்து நாள் கழித்து வரிசையை மாற்றிக் கேட்டு, மறுபடி மதிப்பெண் போட்டேன். இருபது பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஒரு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ மாறியது. இரண்டு பேருக்கு மூன்று மதிப்பெண் மாறியது.

அந்த இரண்டு பேரும் யார் என்று பார்த்தேன். ஒருவன் வகுப்புத் தலைவன், எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் மூன்றுக்குள் வருபவன். முகத்தைப் பார்த்தபோது 9, குரலை மட்டும் கேட்டபோது 6. பதிவில் அவன் தன் ஜோடியைப் பேசவே விடவில்லை. ஆறு வித்தியாசத்தையும் தானே கேட்டுத் தானே சொல்லி முடித்துவிட்டான். நேரில் அது எனக்குச் சுறுசுறுப்பாகத் தெரிந்தது. மற்றவள் அவனுக்கு ஜோடியாக உட்கார்ந்த பெண். நேரில் 3, பதிவில் 6. கிடைத்த மூன்று இடைவெளியிலும் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறாள், மெல்லிய குரலில்.

சண்டை போட்டுக் கேட்டேன் என்றேனே, யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது என்று? அந்தக் கேள்விக்கு உயிர் இருக்கத்தான் செய்கிறது. ஜோடி முறையின் பெரிய ஓட்டை இது. எனக்குத் தெரிந்த அடைப்பு: ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு முறை, வேறு வேறு ஜோடியோடு உட்காரவைப்பது. ஒரு முறை பிடித்த தோழியோடு, ஒரு முறை நான் சேர்க்கும் ஒருவரோடு. இன்னொன்று, யார் எதைச் சொல்ல வேண்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது. வித்தியாசம் ஒன்று, மூன்று, ஐந்தை நீ கேள், இரண்டு, நான்கு, ஆறை அவள் கேட்பாள். வகுப்புத் தலைவனும் அப்போது வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். அவனுக்கும் அது ஒரு பாடம்.

ஜூலை 21, சற்று நேரம் கழித்து

சாப்பாட்டுக்குப் பிறகு பதிவு செய்த நான்கு ஜோடிக்கும் முதல் சுற்றில் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சில் ஒரு குறையும் இல்லை. களைப்பு என்னுடையது. இனிமேல் மதியம் வேண்டாம்.

ஜூலை 28

மௌனம் பற்றி.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. அங்கே பிள்ளைகளுக்கு அது சொந்த மொழி. நம் பிள்ளை கேள்வியைத் தமிழில் புரிந்து, தமிழில் பதிலை யோசித்து, ஆங்கிலத்தில் சொல் தேடி, வரிசை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். வரிசை மாற்றுவது சின்ன வேலை அல்ல. ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்பதில் கடைசியில் நிற்கும் வினையைத் தூக்கிவந்து நடுவில் வைக்க வேண்டும். ஏழெட்டு நொடி ஆகும். என் பதிவுகளில் அந்த ஏழெட்டு நொடியை நான் எங்குமே கொடுக்கவில்லை. மூன்றாவது நொடியில் கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன், ஐந்தாவதில் தமிழில் சொல்கிறேன். பிள்ளை பாதி தூக்கிய சுமையை நானே கீழே தள்ளிவிடுகிறேன்.

இப்போது மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தமிழ்ச் சொல் கலந்தால் குறைப்பீர்களா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். “மார்னிங் ஐ ஈட் கூழ்” என்றாள் ஒருத்தி. கூழுக்கு ஆங்கிலம் என்ன? கஞ்சிக்குச் சொல்லும் சொல்லைச் சொல்லலாம், அது கூழ் ஆகாது. அவள் சொன்னதுதான் சரி. “ஐ கோ வீடு” என்றால் குறைப்பேன். அந்தச் சொல் அவளிடம் இருக்கிறது, எட்டிப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. பேருந்து நிலையப் படம் வரைந்து பதினாறு ஜோடிகளை முடித்துவிட்டாராம். மதிப்பெண் சென்ற ஆண்டைவிடக் குறைவாக வருகிறது, நாலும் ஐந்தும் ஆறுமாக நிற்கிறது, தலைமையாசிரியர் ஏன் என்று கேட்கிறார் என்கிறார். அவருக்குச் சொல்லுங்கள்: சென்ற ஆண்டு ஒன்பது நோட்ஸுக்குப் போட்டது, இந்த ஆண்டு ஐந்து பிள்ளைக்குப் போட்டது. சந்தேகம் இருந்தால் இரண்டு ஜோடியின் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும், எந்த அறிக்கையும் எழுத வேண்டாம்.

ஒரு பெண் இரண்டு சுற்றிலும் ஒரு சொல்கூடப் பேசவில்லை, சைபர் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். போடாதீர்கள். சைபர் என்றால் அவளால் முடியாது என்று பொருள். நீங்கள் பார்த்தது அவள் பேசவில்லை என்பதை மட்டும். கட்டத்தைக் காலியாக விடுங்கள். தோழியோடு, சாப்பாட்டு இடைவேளையில், நீங்கள் இல்லாத இடத்தில் படத்தைக் கொடுத்துப் பதிவு செய்துவரச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை

பழைய பதிவுகளில் ஏழாவது ஜோடியை இன்று மூன்றாவது முறையாகக் கேட்டேன். அதில் ஒரு பெண் “வாட்?” என்று நான்கு தடவை சொல்கிறாள். முதல் தடவை போட்டபோது அதைப் புரியாமையாக எண்ணிக் கழித்திருந்தேன். திரும்பக் கேட்டால் மதிப்பெண் உண்டு என்று நானே பட்டியல் போட்ட பிறகும், இரண்டாவது சுற்றில்கூடக் கண்ணில் படவில்லை.

இன்று ஒவ்வொரு “வாட்?”டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று எழுதிப் பார்த்தேன். முதலாவதுக்குப் பின் ஜோடிக்காரி அதையே சத்தமாகச் சொல்கிறாள். இரண்டாவதுக்குப் பின் சொல்லை மாற்றிச் சொல்கிறாள். மூன்றாவதில் இந்தப் பெண்ணே “வாட், லெஃப்ட்?” என்று உதவுகிறாள். நான்காவதில் “வாட், ஃப்ளவர் அம்மா லெஃப்ட்?” என்கிறாள், பூக்காரம்மா இருக்கும் பக்கம் இருவருக்கும் தெளிவாகிவிடுகிறது. அந்த ஜோடி கண்டுபிடித்த ஐந்து வித்தியாசங்களில் மூன்று அவள் “வாட்?” கேட்டதால் கிடைத்தவை.

கொண்டுசெலுத்தியதற்கு 1 போட்டிருந்தேன். அதை அடித்து 3 போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வைத்தேன். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அவளிடம் சொல்ல வேண்டும்.